குப்பையும் படப்பையும்

புறநானூற்றின் 159-ஆம் பாட்டு, பெருஞ்சித்திரனார் குமணனைக் கண்டு பாடியது. தம் இல்லத்தின் நிலையைப் புலவர் அதில் எடுத்துரைக்கின்றார். முன்றிலுக்கும் செல்ல இயலாத முதுமை எய்திய தாய் ஒருபுறம். மெலிந்த உடலும், பால் வற்றிய மார்பும், அம்மார்பைப் பற்றி வருத்தும் மக்களும் உடைய மனைவி மற்றொருபுறம். அம்மனைவி குப்பையில் முளைத்த கீரையின் தளிரைக் கொய்து, உப்பும் இன்றி நீரில் வேகவைத்து, சோறு என்பதையே மறந்து அதனை உண்கின்றாள். சிறுபாணாற்றுப்படையிலும் இதனை ஒத்த காட்சி ஒன்று உண்டு. கூரை சிதைந்து காளான் பூத்த அடுக்களையில் கிணைமகள் ஒருத்தி, குப்பையில் வளர்ந்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைத்து, அயலார் காணாதவாறு கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றாள். இவ்விரு பகுதிகளையும் ஒருங்கு வைத்துக் கற்பித்தல் நம்மிடையே வழக்கம். 'வறுமையின் கடைசி எல்லை' என்பதே யாம் பல்லாண்டுகளாகக் கூறி வந்த விளக்கம். குப்பை என்னும் சொல் வருமிடத்துக் குரலைச் சற்றே தாழ்த்தியும் கூறியிருக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், முதுகலை வகுப்பில் இப்பாட்டை நடத்திக்கொண்டிருந்தபோது, விழுப்புரம் பக்கத்து உழவர் குடியில் பிறந்த மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, குப்பையிலேதானே கீரை நன்றாக வரும்? எங்கள் ஊரில் கீரை விதைப்பதானால் முதலில் குப்பை கொட்டிக் கொத்திவிட்டுத்தான் விதைப்போம்" என்றார். வகுப்பு நகைத்தது. யாமும் உடன் நகைத்தோம். இல்லம் திரும்பிய பின்னரே, நகைத்தற்குரியவர் அம்மாணவி அல்லர் என்பது எமக்குப் புலனாயிற்று. குப்பை என்னும் சொல்லுக்கு நகரத்தில் வழங்கும் பொருளைச் சங்கப் பாட்டின்மேல் ஏற்றி, அதனையே உரையாகவும் பல ஆண்டுகள் சொல்லி வந்திருந்தோம். அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக எமக்குத் தோன்றிய சிலவற்றை ஈண்டுக் கூறுகின்றோம்.

சங்க நூல்களில் குப்பை என்பது பெரிதும் குவியல் என்ற பொருளிலேயே வரும். நற்றிணையின் 331-ஆம் பாட்டில், உமணர் வருகையை எதிர்நோக்கிக் கானலில் உப்பைக் குவித்துக் காவலோடு வைத்திருக்கின்றனர். மகளிர் தோழியரோடு அக்குவியலின்மேல் ஏறி நின்று, கடலில் மீன்வேட்டைக்குச் சென்ற படகுகளை, இது என் தந்தையது, அது உன் தந்தையது எனச் சுட்டி எண்ணுகின்றனர். அவ்வுப்புக் குவியலைப் புலவர் உலோச்சனார் குப்பை என்றே குறிக்கின்றார். காவல் வைத்துப் போற்றிய குப்பை அது. புறநானூற்றின் 116-ஆம் பாட்டிலும் மகளிர் குப்பைமேல் ஏறுகின்றனர். பறம்பை இழந்த பாரிமகளிர், முள்வேலி சூழ்ந்து, பஞ்சு பரந்த முற்றமும், பீர்க்கும் சுரையும் படர்ந்த பக்கமும் உடைய சிறு மனையில் இருந்துகொண்டு, ஈச்ச இலைக் குவியலின்மீது ஏறி உமணர் வண்டிகளை எண்ணுகின்றனர். முன்னது விளையாட்டு, பின்னது நெஞ்சை உருக்குவது. ஆயினும் இரண்டிடத்தும் சொல்லின் பொருள் ஒன்றே.

சிற்றூர் வழக்கில் இச்சொல் எருவைக் குறிக்கின்றது. 'வயலுக்குக் குப்பை அடித்தல்' என்றால் எருவை வண்டியில் ஏற்றிச் சென்று கொட்டுதல் என்பதே பொருள். வைக்கோல், சாணம், சாம்பல், சருகு ஆகியன குவிந்து மக்கியது எரு ஆதலின், குவியலின் பெயர் குவிந்த பொருளுக்கு ஆகிவந்தது போலும். வேண்டாதென எறியப்படுவது குப்பை என்னும் பொருள் பிற்பட்டது. நகர வழக்கில் அது ஒன்றே எஞ்சி நிற்கின்றது. ஒரு சொல் குவியலாய் இருந்து எருவாகி, எருவாய் இருந்து கழிவாகிய வரலாறு இது. சொற்பொருள் இழிந்தமைக்கு எடுத்துக்காட்டாக நாற்றம் என்ற சொல்லை மாணாக்கர்க்குக் காட்டுவோம். குப்பையையும் அதனோடு சேர்த்துக் காட்டல் வேண்டும். ஆனால் இஃது இழிந்ததற்குக் காரணம் சொல்லில் இல்லை. வீட்டின் அமைப்பில் இருக்கின்றது. அதனை அறிய வீட்டின் பின்புறம் செல்ல வேண்டும்.

எம் பாட்டியார் வாழ்ந்த காவிரிக்கரைச் சிற்றூரின் கொல்லை எம் நினைவில் இன்றும் தெளிவாக உள்ளது. அடுக்களையின் பின்கதவைத் திறந்தால் கிணறு, கிணற்றடியில் துவைகல், அங்கிருந்து ஓடும் நீர் சிறு வாய்க்காலாய் வாழைக்கும் அதன் நிழலில் நிற்கும் சேம்புக்கும் பாயும். இடப்புறம் மாட்டுக்கொட்டில், அதனை ஒட்டி வைக்கோற்போர். கொல்லையின் கடைசியில் குப்பைக்குழி. அடுப்புச் சாம்பலும், கொட்டிற் சாணமும், மாடு தின்று கழித்த வைக்கோலும், காய்கறித் தோலும், வாசல் பெருக்கிய சருகும் நாள்தோறும் அக்குழிக்கே சென்றன. ஆடிக்கு முன் குழியை வெட்டி, பெரும்பகுதியை வயலுக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சியதைக் கொல்லைப் பாத்திகளுக்கு இடுவர். ஆடியில் அவரையும் சுரையும் பீர்க்கும் பூசணியும் ஊன்றினால் மார்கழி, தை மாதங்களில் காய்க்கும். அவரையில் அசுவினி கண்டால் சாம்பலைத் தூவுவர். மார்கழியில் வாசற்கோலத்துச் சாணவுருண்டைமேல் வைக்கும் பூவும் இக்கொடியிலிருந்தே வரும்; அவ்வுருண்டை வறட்டியாகக் காய்ந்து, எரிந்து, சாம்பலாகி மீண்டும் அவரைக்கு வரும். அடுத்த ஆண்டு விதைக்குப் பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பி வைப்பர். ஒரு வீட்டில் விதை பொய்த்தால் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தாற் போதும். கேட்டு வாங்குவதில் யாரும் இழிவு கருதியதில்லை. வேலி தாண்டிப் படர்ந்த கொடியின் காய் எவர்க்கு உரியது என்பதில் மட்டும் சிறு பூசல்கள் நிகழ்ந்ததுண்டு.

இவ்வமைப்பில் குப்பை என்பது கொல்லையின் ஒரு புறத்தே ஒதுக்கப்பட்ட கழிவு அன்று. கொல்லையை இயக்கும் நடுவிடம் அது. எரு இடுதல் ஏருழுதலினும் சிறந்தது என உழவு அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் கருத்தும் இதனை அறிந்தவர் கூறியதே.

இனி, படப்பை என்னும் சொல்லைக் காண்போம். அகராதிகள் அதற்குத் தோட்டம், புழைக்கடை, ஊர்ப்புறம், பசுக்கொட்டில் எனப் பல பொருள் கூறுகின்றன. மாணாக்கர் அவற்றுள் தோட்டம் என்ற ஒன்றை எழுதி அமைகின்றனர். ஏனைய பொருள்கள் தொடர்பற்றவை போலத் தோன்றுதலே காரணம். எம் பாட்டியார் கொல்லையை நினைந்து நோக்கினால் அவை தொடர்பற்றன அல்ல என்பது விளங்கும். செடியும், கொட்டிலும், போரும், புழைக்கடையும் ஒரே வளைவுக்குள் இருந்தன. அவ்வளைவு முழுமையும் படப்பை. தென்மாவட்டங்களில் வைக்கோற்போரைப் படப்பு என்று இன்றும் வழங்குகின்றனர். படப்பும் படப்பையும் ஒருவேர்ச் சொற்கள் என்று துணிந்து கூற யாம் முன்வரவில்லை. ஆயினும் அவ்வாறு கருதுதற்கு இடம் உண்டு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் தோட்ட உழவரின் மனை ஒன்று வருகின்றது. கூரை, தென்னையின் காய்ந்த மடலால் வேய்ந்தது, முற்றத்தில் மஞ்சள், சூழ மணங்கமழும் படப்பை. அங்குச் செல்லும் பாணர் பலாவும் இளநீரும் வாழைப்பழமும் நுங்கும் உண்பர். இனிப்பு தெவிட்டினால் முற்றிய சேம்பங்கிழங்கு கிடைக்கும். உணவுப் பட்டியலாக மட்டும் இதனைப் படித்து விடுதல் கூடாது. கூரைக்கு மடல் தந்த மரமே இளநீரும் தருகின்றது. வெளியிலிருந்து வந்த பொருள் ஒன்றேனும் அப்பகுதியில் இல்லை என்பது உற்று நோக்கத்தக்கது.

அதே புலவர் பட்டினப்பாலையில் சோழநாட்டு வளம் கூறுமிடத்துத் தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி என எட்டினை அடுக்குகின்றார். அடியின் ஓசையும் எதுகையும் இவ்வடுக்கை ஓரளவு அமைத்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஒரே தோட்டத்துள் எட்டும் இருந்தன என்று பாட்டுச் சொல்லவும் இல்லை. எனினும் இவ்வெட்டையும் உயரம் பற்றி வகுத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகின்றது. தெங்கு, பனை, கமுகு ஆகியவை ஓங்கி நின்று வெயிலைச் சலித்து விடுவன. மா, அகன்ற நடுமரம். வாழை அதனினும் தாழ்ந்தது. மஞ்சள், சேம்பு, இஞ்சி ஆகிய மூன்றும் ஓரளவு நிழலைத் தாங்கி நிலத்துள் கிழங்கு வைப்பன. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் தென்னையின் கீழ்ப் பல்லடுக்குப் பயிர்முறை பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி ஏறத்தாழ 2 மீட்டர் அளவிற்குள் அடங்கிவிடும். ஆதலின் இடைநிலம் பிற பயிர்க்கு உதவும் என்பது அவ்வாராய்ச்சியின் அடிப்படை. உருத்திரங்கண்ணனார் வேரை அளந்தவர் அல்லர். அளக்காமலே அறிந்து நட்டவர்களைக் கண்டவர்.

கல்வெட்டாராய்ச்சியாளர் ஒன்றை நினைவூட்டுவர். சோழர் காலச் செப்பேடுகள் தானமாக வழங்கிய ஊரின் உறுப்புகளைத் தொகுத்துக் கூறுகையில், மனை என்றதன் பின்னேயே மனைப்படப்பையும் எண்ணுகின்றன. எழுத்து வடிவம் செப்பேட்டுக்குச் செப்பேடு சிறிது வேறுபடும். தென்னந்தோப்பு இடவும், கிணறு தோண்டவும், மரு முதலிய மணச்செடிகளை நடவும் தானம் பெற்றோர்க்கு உரிமை தனியே கூறப்படுகின்றது. உரிமையாகக் கூற வேண்டியிருந்தமையால், எல்லார்க்கும் எல்லாம் நட இயலாதிருந்தது என்பதும் பெறப்படும். பழங்காலத்துத் தோட்டம் என்றவுடன் எல்லாரும் இன்புற்றிருந்தனர் என எழுதிவிடும் கட்டுரைகள் இவ்விடத்தைக் கருதிப் பார்ப்பதில்லை.

படப்பை இன்று பேச்சில் இல்லை. சென்னையை அடுத்த ஓர் ஊரின் பெயராக நின்றுவிட்டது. அதன் இடத்தில் வழங்கும் சொற்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. சங்க காலத்தில் கொல்லை என்பது முல்லைநிலத்து வானம் பார்த்த புன்செய். வடமாவட்டங்களில் இன்றும் அதுவே பொருள். கேழ்வரகுக் கொல்லை, சவுக்குக் கொல்லை என்பர். தஞ்சைப் பகுதியில் அது வீட்டின் பின்புறமாகச் சுருங்கியது. அப்பின்புறத்தைப் பயன்படுத்திய வகையால் 'கொல்லைக்குப் போதல்' என்ற இடக்கரடக்கலும் தோன்றியது. அதன் பின் நகரத்தார் அச்சொல்லை நாகரிகமற்றது எனக் கைவிட்டனர். யாழ்ப்பாணத்தார் வீடும் சூழ்ந்த நிலமும் சேர்ந்ததை வளவு என்றும், வீட்டின் பின்புறத்தைக் கோடி என்றும் வழங்குவர். அவ்வளவு என்ற சொல்லே கொங்குநாட்டில் வீடுகளின் தொகுதியைக் குறிக்கும். செட்டிநாட்டில் வீட்டின் உள்முற்றம் சார்ந்த பகுதியைக் குறிக்கும். வளைத்துக்கொண்ட இடம் என்பது மூன்றற்கும் பொது. யாழ்ப்பாணத்து வளவுக்கு வேலியாக நடும் பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்கள் வேர்விட்டுத் தழைக்கும். தழையை வெட்டி ஆட்டுக்கும் நிலத்துக்கும் இடுவர். அங்கு வேலியும் எருவாகின்றது.

கொல்லையில் நிற்பன யாவும் தொன்மையானவை என எண்ணுதலும் பிழை. முருங்கை இன்று கொல்லை மரங்களுள் முதன்மையானது. போத்து ஒன்றை ஊன்றினால் போதும். ஆனால் அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் காட்டும் முருங்கை, பாலை வழியில் காற்றுக்கு வெண்பூ உதிர்க்கும் மரம். காட்டில் நின்றது பின்னர் வீட்டுக்கு வந்தது என்று கொள்ளலாம். மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, மரவள்ளி ஆகியன 1492-க்குப் பின் அமெரிக்க நிலத்திலிருந்து உலகெங்கும் பரவியவை. நம் புலவர் அவற்றை அறியார். மிளகாய் மிளகின் பெயரைக் கடன் பெற்றது. பறங்கிக்காயோ தன் பிறப்பைப் பெயரிலேயே சொல்லிக்கொண்டு மார்கழிக் கோலத்தில் அமர்ந்துவிட்டது. கொல்லை வந்தவற்றை ஏற்றுக்கொண்டது. மாறாதிருந்தது செடிகளின் பட்டியல் அன்று; குழியும் வாய்க்காலும் பாத்தியும் தம்முள் கொண்ட தொடர்பே.

வாய்க்கால் என்றவிடத்து அங்கணம் என்னும் சொல்லையும் கருத வேண்டும். தகுதியற்ற அவையில் பேசுதல் அங்கணத்தில் அமிழ்தைக் கொட்டியது போலும் என்பது அவையறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறட்கருத்து. உவமைக்கு அது பொருந்தும். ஆயினும் நெல்லை வீடுகளில் அங்கணம் என்று இன்றும் வழங்கும் கழுவிடத்து நீர் வீணாவதில்லை. பின்புற வாழைக்குச் செல்லும். நகர மக்களுக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது பொறியியலார் வகுத்த அளவு. அதில் 80 விழுக்காடு கழிவுநீராய் வெளியேறும் என்றும் அவர்கள் கணக்கிடுவர். நால்வர் வாழும் வீட்டிலிருந்து நாளும் 430 லிட்டருக்கு மேல் வெளியேறுகின்றது. கழிப்பறை நீரை நீக்கியும், குளித்ததும் துவைத்ததும் கழுவியதும் எஞ்சும். வளர்ந்த வாழை ஒன்றுக்குச் சொட்டுநீர் முறையில் நாளொன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். கணக்கு எளிது, வாழை நிற்கும் இடம்தான் இல்லை.

இடம் இல்லாமற் போனதன் விளைவைச் சென்னையில் காணலாம். நகரத்தின் குப்பை நெடுங்காலம் கொடுங்கையூரிலும், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடியிலும் மலையாய்க் குவிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழப் பாதி மக்கத்தக்க பொருள். மக்குவதையும் மக்காததையும் வீட்டிலேயே பிரித்துத் தருக என 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் பணித்தன. மற்றொருபுறம், மாடித்தோட்டம் வைப்போர் பெருகியிருக்கின்றனர். அரசின் தோட்டக்கலைத் துறையும் பைகளும் தென்னைநார்க் கழிவும் விதையும் மானிய விலையில் வழங்கியதுண்டு. இம்முயற்சி போற்றற்குரியது. எம் அடுக்ககத்து மாடியிலும் பன்னிரண்டு பைகள் உள்ளன. கீரையும் கத்தரியும் காய்க்கின்றன. ஆனால் தென்னைநார் நீரைப் பிடித்து வைக்குமேயன்றிச் செடிக்கு உணவு பெரிதும் தராது. ஆகவே மண்புழு எருவைக் கடையில் விலை கொடுத்து வாங்கிப் படியேற்றுகின்றோம். அதே படிகளில் அடுக்களைக் கழிவைக் கீழிறக்கி வண்டிக்குக் கொடுக்கின்றோம். ஏறுவதும் இறங்குவதும் ஒரே பொருளின் இரு நிலைகள் என்பதை உணர எமக்கு ஈராண்டு ஆயிற்று. இப்பொழுது துளையிட்ட இரண்டு தொட்டிகளில் காய்கறித் தோலையும் காய்ந்த சருகையும் மாற்றி மாற்றி இட்டு மூடுகின்றோம். மூன்று மாதத்தில் மக்கிவிடுகின்றது. முதன்முறை சருகு குறைந்து நாற்றம் எழுந்தபோது கீழ்வீட்டார் வந்து முறையிட்டனர். இப்பொழுது அவரும் தம் சருகைக் கொணர்ந்து தருகின்றார்.

இவ்வளவும் அறிந்த பின் மீண்டும் பெருஞ்சித்திரனார் பாட்டுக்கு வருவோம். வறுமை அங்கு இல்லை என்று யாம் கூறவில்லை; உப்பில்லாத கீரை வறுமையே. சிறுபாணாற்றுப்படையின் வேளைக்கீரை, சாணமும் சாம்பலும் செறிந்த மண்ணில் தானே தழைப்பது. ஆப்பிரிக்கச் சிற்றூர்களிலும் அது மாட்டுப்பட்டிகளின் அருகே முளைத்து உணவாகின்றது. ஆகவே இரு புலவரும் குப்பை என்றது, ஏழ்மையைக் கூட்டிக் காட்டும் அழுக்கை அன்று. உழாமலும் விதையாமலும் ஏழைக்கு உணவு தரக்கூடிய ஒரே வளநிலத்தை. மாடு போயிற்று, மோர் போயிற்று, நெல் போயிற்று. முன்னை நாளின் எரு மட்டும் இன்னும் தளிர் விடுகின்றது.

ஈண்டுப் புறநானூற்றுப் புலவர் இரண்டு அடைகளைச் சேர்க்கின்றார். அத்தளிர், முன்பு கொய்த இடத்திலேயே மீண்டும் கிளைத்தது என்பது ஒன்று. இன்னும் முற்றாதது என்பது மற்றொன்று. இவற்றைச் செய்யுள் நிரப்ப வந்த சொற்களாகவே யாம் கடந்து சென்றிருந்தோம். முன்னதில் நிலத்தின் வளம் தெரிகின்றது; கொய்யக் கொய்ய அது தளிர்க்கின்றது. பின்னதில் பசியின் விரைவு தெரிகின்றது. தளிர் இலையாகும் வரை அவளாற் பொறுக்க இயலவில்லை. நேற்றும் அவள் அங்கு வந்திருக்கின்றாள்.